புதுப்பிப்பு: காப்பி நிறச் சிறுநீர், லட்சுமி எழுந்துவிட்டாள்

எங்கள் ஜெர்சி கலப்பினப் பசு லட்சுமிக்குக் கடும் காய்ச்சல், சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறது என்று போன வாரம் எழுதியிருந்தேன். வெறும் சூடுதான், வெந்தயம் கொடுங்கள் என்றார்கள் சிலர். நல்லவேளை, காத்திருக்கவில்லை.

மருத்துவர் காது நுனியில் ஒரு துளி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்த்தார். சிவப்பணுக்களுக்குள் இரட்டை இரட்டையாக, பேரிக்காய் வடிவில் பபீசியா! உண்ணி கடித்துப் பரவும் ஓரணு உயிரி அது. அணுக்களை உடைத்துவிடுகிறது, சிதறும் ஹீமோகுளோபின்தான் அந்தக் காப்பி நிறம். உண்ணி பரப்பும் அனாபிளாஸ்மா பாக்டீரியா என்றால் சிறுநீர் இப்படிச் சிவக்காது, மருந்தும் வேறு.

டைமினசீன் ஊசி போட்ட மறுநாளே காய்ச்சல் இறங்கியது. நேற்று தானாக எழுந்து கழனித்தண்ணீர் குடித்தாள். தொட்டியருகே நின்று அழுதுவிட்டேன். இன்று தொழுவச் சுவர் விரிசல்களில் உண்ணி மருந்து அடிக்கிறோம்.