பஹ்லூல் லோடி விரித்த கம்பளம்: மரபா, மாய்மாலமா?

ஏட்டுச்சுவடி:
நேற்று இங்கே ஒருவர் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "1451இல் டெல்லியைப் பிடித்த பஹ்லூல் லோடி சிம்மாசனம் ஏறாமல் அமீர்களோடு, அதாவது பிரபுக்களோடு, ஒரே கம்பளத்தில் உட்கார்ந்தார். ஆப்கான் இனக்குழு மரபில் அரசனும் பங்காளிகளில் ஒருவன்தான்." படித்ததும் காபி புரையேறிவிட்டது. கம்பளக் கதையைச் சொன்ன வரலாற்று ஆசிரியர் அப்துல்லா முகலாய அரசர் ஜஹாங்கீர் காலத்து ஆள். பஹ்லூல் செத்தது 1489. நூறு வருஷம் கழித்து எழுதியவரைக் கேட்டால் கம்பளத்தின் நிறத்தையும் சொல்லியிருப்பார்.

வைகைக்கரையான்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயரைச் சொன்னால் நாக்கு வெந்துவிடுமா? கம்பளம் மட்டுமா? அமீர் ஒருவர் முறுக்கிக்கொண்டால் பஹ்லூல் அவர் வீட்டுக்கே போவார். இடுப்பு வாளை அவிழ்த்து எதிரே வைப்பார், தேவைப்பட்டால் தலைப்பாகையையும் கழற்றுவார். "நான் லாயக்கில்லை என்றால் வேறு ஆளைப் பாருங்கள்" என்பார். முந்தைய டெல்லி சுல்தான் பல்பன் தர்பாரில் சுல்தானின் பாதத்தை முத்தமிட வேண்டும். வித்தியாசம் தெரிகிறதா இல்லையா?

சும்மா படிப்பவன்:
முதலில் இனக்குழு மரபு என்றால் என்ன என்று யாராவது சொல்லுங்களேன். அப்புறம், லோடியா, லோதியா?

ஏட்டுச்சுவடி:
இனக்குழு மரபு என்றால் குலத்துப் பங்காளிகள் சேர்ந்து ஆள்வது, அரசன் அவர்களில் ஒருவன். தலைப்பாகையும் அதே அப்துல்லா சரக்குதான். கிழக்கே ஜௌன்பூரை ஆண்ட ஷர்க்கி சுல்தான்கள் பஹ்லூல் கழுத்தில் கத்தியை வைத்திருந்தார்கள். ஆப்கான்களின் ரோஹ் மலைநாட்டிலிருந்து ஆட்களைக் கூப்பிட்டு, ஜாகீர் (நிலவருவாய் உரிமை) கொடுத்து, கம்பளமும் விரித்தார். ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

நடிப்புக்குச் சாட்சி வேண்டுமா? டெல்லி வசீர் (முதலமைச்சர்) ஹமீது கான் வீட்டு விருந்து. பஹ்லூலின் ஆட்கள் சொல்லிவைத்தாற்போல் பட்டிக்காட்டான் வேஷம் போட்டார்கள். செருப்பை இடுப்பில் கட்டிக்கொண்டார்கள், சிலர் வசீரின் தலைக்கு மேல் இருந்த மாடத்தில் வைத்தார்கள். வெற்றிலையை விட்டுவிட்டுச் சுண்ணாம்பை நக்கினார்கள். "இந்தக் கம்பளத்தில் ஒரு துண்டு கொடுங்கள், பிள்ளைகளுக்குக் குல்லாய் தைக்கிறோம்" என்றார்கள். வசீர் சிரித்தார். கொஞ்ச நாளில் அவருக்கே சங்கிலி மாட்டினார்கள். பஹ்லூல் ஆட்கள் கம்பளத்தைப் பற்றிப் பேசினாலே உஷாராக வேண்டும்.

வைகைக்கரையான்:
அந்த விருந்தை எழுதியது யாராம்? அவர்களும் அக்பர், ஜஹாங்கீர் காலத்தவர்கள்தானே! என் கதை என்றால் நூறு வருஷக் கணக்கு, உங்கள் கதை என்றால் கண்ணால் கண்டதா? இங்கே ஷேர் ஷா போட்ட சாலையைப் பற்றி ஓடும் இழையிலும் இதே வித்தைதான் காட்டினீர்கள். அங்கே கேட்ட கேள்விக்கே இன்னும் பதில் இல்லை.

நெல்லை அக்கா:
தம்பிகளா, பங்காளி என்கிறீர்களே, எல்லோருமா பங்காளி? பஹ்லூலுக்குப் பிறகு பட்டத்துக்கு அவர் மகன் சிக்கந்தர் பெயர் வந்ததும், "தட்டார் மகள் பெற்ற பிள்ளைக்குப் பட்டமா?" என்று உறவுக்காரர் ஈசா கானே கேட்டார். கம்பளத்தில் இடம் ரத்தத்துக்குத்தான்.

வைகைக்கரையான்:
அக்கா, அதுவும் இனக்குழு மரபுதானே! கம்பளத்தைச் சுருட்டிய பேரன் கதியைப் பாருங்கள். அரசனுக்கு உறவினரும் இல்லை, குலத்தாரும் இல்லை என்றான் இப்ராஹிம். லோடி அமீர்களைக் கைகட்டி நிற்கவைத்தான். லாகூர் ஆளுநர் தௌலத் கான் லோடி, படையெடுத்து வரச் சொல்லி பாபருக்கு ஆள் அனுப்பினார். 1526, பானிபட்டில் இப்ராஹிம் கதை முடிந்தது.

ஏட்டுச்சுவடி:
பானிபட்டில் வென்றது பீரங்கி. கம்பளம் விரித்திருந்தால் குண்டு திரும்பிப் போயிருக்குமா? நான் எழுதுவதை மேலே போய் மறுபடி படியுங்கள். ஆப்கான் மரபில் அரசன் பங்காளி என்றால், ஷேர் ஷாவின் மகன் இஸ்லாம் ஷா சூர் யார்? வெள்ளிக்கிழமைதோறும் கூடாரம் போட்டு, நாற்காலியில் அவருடைய செருப்பையும் அம்பறாத்தூணியையும் வைத்து அமீர்கள் தலைவணங்கினார்கள். இது கேள்விப்பட்ட கதை இல்லை, அக்பர் கால வரலாற்று ஆசிரியர் பதாயூனி சின்னப் பையனாக நேரில் பார்த்தது. பரதன் பாதுகையை அண்ணன் மேல் ஆசையில் வைத்தான், இங்கே பயத்தில் வைத்தார்கள். ஆப்கான் அரசன்தானே இவரும்? கம்பளம் எங்கே போச்சு?

வைகைக்கரையான்:
நாற்காலிக்குக் கீழே என்ன விரித்திருந்தார்கள் என்று பதாயூனி எழுதினாரா?

சும்மா படிப்பவன்:
லோடியா, லோதியா?

ஏட்டுச்சுவடி:
உங்களோடு பேசினால் தலைப்பாகையை நான்தான் கழற்ற வேண்டும். சரி, ஷேர் ஷா இழைக்கு வாருங்கள், அங்கே வைத்துக்கொள்ளலாம்.