காலை 9 மணிக்கு நிலா தெரிகிறதே, எப்படி?

மொட்டைமாடி:
இன்று காலை 9 மணி வாக்கில் துணி காயப்போட மாடிக்குப் போனேன், மேற்கே பாதி நிலா, பஞ்சைப் பிய்த்து ஒட்டிய மாதிரி வெளிறிப்போய் நிற்கிறது. கிழக்கே வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. சூரியன் மறைந்தால்தான் நிலா வரும் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாத வெளிச்சத்தில் நிலா மட்டும் எப்படி?

வளர்பிறை:
இரண்டும் முறை வைத்துக்கொண்டு வருவதில்லை. நிலா பூமியைச் சுற்றுவதால் தினமும் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக உதிக்கிறது, உதித்தபின் ஏறக்குறைய 12 மணி நேரம் மேலே இருக்கும், அப்படியென்றால் அதில் ஒரு பங்கு பகலில் விழுந்துதானே ஆக வேண்டும்? பௌர்ணமியன்றுதான் சூரியன் மறையும்போது உதித்து விடியும்போது மறைகிறது. அந்த ஒரு நாளை வைத்தே நிலாவை ராத்திரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். நீங்கள் பார்த்தது தேய்பிறைப் பாதி நிலா, நடு ராத்திரி உதித்து மதியம் மறையும். வளர்பிறையில் அதுவே மதியம் உதிக்கும், அப்போது சாயங்காலம் 4 மணிக்குக் கிழக்குப் பக்கம் பாருங்கள். அமாவாசையை ஒட்டிய சில நாள் மட்டும் சூரியனுக்கு அருகே போய்விடுவதால் கண்ணில் சிக்காது.

தூரப்பார்வை:
நட்சத்திரங்களும் அங்கேயேதான் இருக்கின்றன, ஆனால் நமக்கு அவை வெறும் புள்ளி, காற்று சிதறடிக்கும் நீல வெளிச்சத்தில் அமுங்கிவிடும். நிலா அப்படியில்லை. நம் தரையில் அடிக்கும் அதே வெயில்தான் அங்கேயும், நீங்கள் பார்ப்பது வெயிலில் கிடக்கும் பாறையை. விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தைத்தான் அது திருப்பி அனுப்புகிறது, கிட்டத்தட்ட பழைய தார் ரோடு மாதிரி. அதுவே போதும். இடம் துல்லியமாகத் தெரிந்தால் வெள்ளியைக்கூடப் பகலில் பார்க்கலாம், ஆனால் பைனாகுலரோடு சூரியன் பக்கம் தேடிவிடாதீர்கள், கண் போய்விடும்.

மொட்டைமாடி:
சரி, புரிகிறது. இன்னொன்று: ராத்திரியில் கருப்பாகத் தெரியும் திட்டுகள் காலையில் வானத்தின் நீலத்திலேயே இருந்தன, நிலாவில் ஓட்டை விழுந்து அந்தப் பக்கம் வானம் தெரிகிற மாதிரி. அது ஏன்?

வளர்பிறை:
அருமையாகக் கவனித்திருக்கிறீர்கள், பலரும் பார்த்தும் பார்க்காமல் விடுவது இதைத்தான். வானத்து நீலம் நிலாவுக்குப் பின்னால் இல்லை, முன்னால் இருக்கிறது! நமக்கும் நிலாவுக்கும் நடுவில், நம் காற்றிலேதான் அது உண்டாகிறது. அதனால் நிலா முழுவதன் மேலும் ஒரே அளவு நீலம் படிகிறது. பளிச்சென்ற இடங்கள் அதையும் மீறி வெள்ளையாகத் தெரியும், கருந்திட்டுகளிலிருந்து வரும் ஒளி குறைவு, அங்கே நீலம்தான் மிஞ்சும். வெயில் படாத மறு பாதி கருப்பாகத் தெரியாமல் வானத்தோடு கரைந்துபோவதும் இதனால்தான்.

அப்புறம், நாளைக் காலை ஒரு பந்தை வெயிலில் கையை நீட்டி நிலாவுக்குப் பக்கத்தில் தெரிகிற மாதிரி பிடித்துப் பாருங்கள்.

மொட்டைமாடி:
பார்த்துவிட்டேன்! டென்னிஸ் பந்தில் வெயில் பட்ட பக்கமும் நிழலும் நிலாவில் இருப்பது போலவே, அதே சாய்வில். நேற்றைவிடக் கொஞ்சம் மெலிந்திருந்தது. அதே 9 மணிதான், ஆனால் நேற்று இருந்த இடத்துக்கு ஒரு முஷ்டி உயரம் மேலே நின்றது, அந்த 50 நிமிடத் தாமதம் இதுதான் போல.