வகுப்பில் சீக்கிரம் முடித்துவிடுகிறான், பள்ளியிலிருந்து போன் வருகிறது

செங்காங் அம்மா:
மதுரையிலிருந்து சிங்கப்பூர் வந்து ஆறு மாதம் ஆகிறது. இன்று மகன் பள்ளியிலிருந்து மறுபடி போன். கணக்குத் தாளை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஓரத்தில் 97, 101, 103, 107 என்று பகா எண்களாக எழுதிக்கொண்டே போகிறான். பக்கத்துப் பிள்ளைக்கும் விடை சொல்லிவிடுகிறானாம். ராத்திரி "ஊருக்கே போயிடலாம்மா" என்று ஒரே அழுகை. மீத்திறன் பிள்ளைகளுக்கான திட்டம், ஜிஇபி என்கிறார்களே, அதில் எப்படிச் சேர்ப்பது? நாளை காலை ஆசிரியரைப் பார்க்கிறேன்.

ஈசூன்காரி:
எந்த வகுப்பு என்று சொல்லவில்லையே தங்கச்சி? நாங்கள் வந்த வருடம், வெளிநாட்டுப் பிள்ளைகள் இங்கே பள்ளியில் சேர எழுதும் ஏஇஐஎஸ் தேர்வில் ஆங்கிலம் காலை வாரிவிட்டது. மகள் எட்டு மாதம் பள்ளியே இல்லாமல், வாடகை அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். இடம் கிடைத்ததே பெரிய விஷயம். முதலில் டியூஷனில் போடுங்கள்.

ஜூரோங் அப்பா:
டியூஷன் வேண்டவே வேண்டாம். தெரிந்ததையே திரும்பப் படித்தால் பையன் இன்னும் நொந்துபோவான்.

உட்லண்ட்ஸ்:
டியூஷனுக்குக் காசு எங்கே? வாடகை கட்டவே மூச்சு முட்டுகிறது. ஊரில் என்றால் தாத்தா பாட்டி பார்த்துக்கொள்வார்கள். இங்கே காய்ச்சல் என்றால்கூட லீவு போட வேண்டும்.

ஈசூன்காரி:
அதைச் சொல்லுங்கள். முதல் வருடம் நான் அழாத நாளே இல்லை.

பொங்கோல் அக்கா:
கேள்விக்கு வருவோம். ஜிஇபி 1984இல் தொடங்கியது. தொடக்கநிலை 3இல் தேர்வு வைத்துச் சில பள்ளிகளில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த முறையை நிறுத்துவதாகப் பிரதமர் லாரன்ஸ் வோங் 2024 தேசிய தினப் பேரணியில் அறிவித்துவிட்டார். இனி ஒவ்வொரு தொடக்கப்பள்ளியும் உயர்திறன் பிள்ளைகளுக்குத் தானே ஏற்பாடு செய்ய வேண்டும். அதற்கும் மேல் தேவைப்பட்டால், பள்ளி முடிந்தபின் அக்கம்பக்கத்துப் பள்ளியில் கூடுதல் வகுப்பு. அதனால் பள்ளி மாற்ற அலையாதீர்கள்.

நாளை அந்தத் தாளையே எடுத்துப் போங்கள். பேசும் நூறு வார்த்தையைவிட அந்த ஓரம் அதிகம் சொல்லும். முடித்தவனுக்கு அதே மாதிரி இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பது தண்டனைதான். ஆழமான ஒரே கணக்கு கொடுக்க முடியுமா, தெரிந்த பாடத்தைத் தாண்டிப் போக விடுவார்களா, இதற்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்று கேளுங்கள். அழுகையையும் மறைக்காமல் சொல்லுங்கள். கணக்கு எளிதாக இருப்பது ஒன்று, விளையாடக் கூட்டாளி இல்லாதது இன்னொன்று.

செங்காங் அம்மா:
தொடக்கநிலை 2, அக்கா. தாளைப் பையில் வைத்துவிட்டேன். கேட்டதற்கு, இடைவேளையில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன் என்கிறான். அதை முதலில் சொல்கிறேன்.