மாங்கூழ் கம்பெனிக்கு பில்லிங் சாப்ட்வேர்: விலை தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கத்துல சின்னதா மாங்கூழ் ஃபேக்டரி வெச்சிருக்கோம். போன வருஷம் விற்றுமுதல் 5 கோடியத் தாண்டிடுச்சு, அதனால இ-இன்வாய்ஸ் (பில்லை அரசாங்க போர்ட்டல்ல பதிவு பண்றது) கட்டாயம். இதுவரைக்கும் எக்செல்தான். பேட்ச் வாரியா ஸ்டாக்கும் தெரியணும்: 3.1 கிலோ டின் தனி, 215 கிலோ ட்ரம் தனி.

நாலு வெப்சைட் பார்த்தேன். கோட்டு போட்டவங்க கைகுலுக்குற படம்தான் பெருசா இருக்கு. சாப்ட்வேர் என்ன பண்ணும்னு ஒரு வரி கிடையாது. விலைன்னு இருக்கற பட்டனை அமுக்கினா ஃபார்ம் வருது: பேரு, போன் நம்பர், வருஷ விற்றுமுதல். விற்றுமுதல் எதுக்கு? ஆளப் பாத்து விலை சொல்லத்தான். மாட்டுச் சந்தையில துண்டுக்கு அடியில விரலப் புடிச்சு பேசுவாங்களே, அதே கததான். அங்கயாவது மாடு கண்ணு முன்னாடி நிக்கும்.

ஒரு இடத்துல நம்பரக் குடுத்துத் தொலைச்சேன். அன்னிக்கு மட்டும் ஏழு போன். லோடு இறக்கற நேரத்துல "சார், டெமோ எப்ப வெச்சுக்கலாம்?" விலையக் கேட்டா "மேனேஜர் பேசுவாரு". கடைசியா சொன்ன தொகையில 18 சதவீத ஜிஎஸ்டி, ட்ரெயினிங், ரெனிவல் எதுவும் சேரல.

கிருஷ்ணகிரி, தருமபுரியில கூழு, புளி யாவாரம் பண்றவங்க என்ன யூஸ் பண்றீங்க? மொத வருஷம் எவ்ளோ கட்டினீங்க, ரெண்டாவது வருஷம் எவ்ளோ ஆச்சு? பிடிக்கலன்னா டேட்டாவ எக்செல்ல திரும்ப எடுக்க முடியுதா? இதுதான் எனக்கு முக்கியம்.

பெங்களூரா மாங்காய் வர்றதுக்குள்ள முடிவு பண்ணணும். சாப்ட்வேர் விக்கறவங்க இன்பாக்ஸ்ல வராதீங்க, விலையோட இங்கயே போடுங்க.