பரலோக நம்பிக்கை: வாசிப்பில் எனக்குக் கிடைத்தது

பரலோகத்தைப் பற்றிய தியான நூல்கள் பக்கம் நான் போனதே துக்கத்தில்தான். அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது, ஆறுதல் சொல்ல வந்த எல்லோரும் "மறுபடியும் பார்ப்பீர்கள்" என்றார்கள். நானும் ஆமென் என்றேன். ஆனால் மனதில் வந்ததெல்லாம் மேகமும் வெள்ளை அங்கியும்தான். அதற்குள் அம்மாவை வைத்துப் பார்க்கவே முடியவில்லை.

சபையில் மூத்த அக்கா ஒருவர் ரிச்சர்ட் பாக்ஸ்டர் என்ற பழைய ஆங்கிலேயப் போதகரின் நூலை வாசிக்கச் சொன்னார். பரிசுத்தவான்களின் நித்திய இளைப்பாறுதலைப் பற்றியது, 1650இல் வெளிவந்தது. கடும் நோயில், இனிப் பிழைக்கமாட்டோம் என்று எண்ணியிருந்த நாட்களில் தன் ஆத்துமாவுக்காகவே அவர் அதை எழுதத் தொடங்கினார். பிழைத்து, 1691 வரை வாழ்ந்தார். "தேவனுடைய ஜனங்களுக்கு இளைப்பாறுகிற காலம் இனி வருகிறதாயிருக்கிறது" என்ற எபிரெயர் 4:9தான் முழு நூலுக்கும் ஆதாரம். பெரிய நூல், பழைய நடை. சுருக்கப் பதிப்பே போதும்.

என்னைப் பிடித்துக்கொண்டது அவர் சொல்லும் தியான முறை. தினமும் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, பரலோகத்தை நினைத்து, நம் ஆத்துமாவோடு நாமே பேச வேண்டும், ஒரு போதகர் சபையோடு பேசுவதுபோல. வாய்விட்டுப் பேச முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அந்த நேரத்துக்காக மனம் ஏங்க ஆரம்பித்தது.

அங்கிருந்து வேதத்துக்கே திரும்பினேன். லூக்கா 24இல் உயிர்த்தெழுந்த இயேசு "புசிக்கிறதற்கு ஏதாகிலும் உண்டா" என்று கேட்டு, பொரித்த மீனை வாங்கி, சீஷர்கள் கண்முன்னே சாப்பிடுகிறார். எத்தனையோ முறை கேட்ட பகுதிதான். அன்று அந்த மீனைத் தாண்டிப் போக முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். அவர் முதற்பலன் என்கிறார் அப்போஸ்தலன் பவுல்; அதாவது மரித்தோரிலிருந்து முதலில் எழுந்தவர், அவருடையவர்களும் அவரைப்போல எழுவார்கள். அப்படியானால் அம்மாவுக்கும் சரீரம் உண்டு, கை உண்டு, குரல் உண்டு! வெளிப்படுத்தல் 21இல் பரிசுத்த நகரம் பரலோகத்தைவிட்டு இறங்கி வருகிறது. தேவன் மனிதரிடத்தில் வாசமாயிருக்க வருகிறார். நம் நம்பிக்கை பூமியைக் கைவிட்டு ஓடுவதல்ல, புதிய பூமிக்காகக் காத்திருப்பது.

"பரலோகம் போய் வந்தேன்" வகைப் புத்தகங்களையும் சிலர் தந்தார்கள். எனக்கு அவை ஒட்டவில்லை. பரதீசுக்கு எடுக்கப்பட்டதைப் பற்றிப் பேசும் பவுலே அங்கே கேட்டதை வெளியே சொல்லவில்லையே.

இதை வாசித்த இன்னொருவரின் மறுமொழி:

உங்கள் பதிவை வாசித்ததும் அப்பாவின் கடைசி மாதங்கள் நினைவுக்கு வந்தன. நீளமாக வாசித்தால் களைத்துவிடுவார். அதனால் ஒரு வேளைக்கு நாலைந்து வசனம்தான். "அவர்களுடைய கண்ணீர் யாவையும் தேவன் துடைப்பார்" என்ற இடம் வந்தால், கையைத் தூக்கி நிறுத்தச் சொல்வார். மறுபடி வாசிக்க வேண்டும். விளக்கம் எதுவும் கேட்கமாட்டார்.

நோயாளிக்கு வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: யோவான் 14இல் தொடங்குங்கள், பிறகு 1 கொரிந்தியர் 15இன் கடைசிப் பகுதி. மெதுவாக வாசியுங்கள். அவர்கள் தூங்கிவிட்டாலும் அந்த அதிகாரத்தை முடித்துவிட்டே எழுந்திருங்கள்.