ரீல்ஸுக்கு 41,000 பார்வை, கூடைக்கு ஒரு ஆர்டர்கூட இல்லை: எங்கே தவறுகிறேன்?

செம்பூர்க் கூடை:
வணக்கம். மும்பையில் செம்பூரில் இருக்கிறேன். அம்மாவிடம் கற்ற வயர் கூடைகளைப் போன தை மாதத்திலிருந்து இணையத்தில் விற்று வருகிறேன். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு கேட்டலாக், அவ்வளவுதான் கடை. சிவன் கண், நெல்லிக்காய் இரண்டு பின்னலும் போடுவேன். நடுத்தர அளவு 650 ரூபாய். ஒன்றை முடிக்க இரண்டு மதியப் பொழுதுகள் ஆகும்.

முடிச்சு விழுவதை மிக அருகில் வைத்துப் படமெடுத்து ரீல்ஸ் போடுகிறேன். ஒன்றை 41,000 பேர் பார்த்தார்கள். அந்த வாரம் ஒரு ஆர்டர்கூட வரவில்லை. வாட்ஸ்அப்பில் 180 பேரைப் பிராட்காஸ்ட் லிஸ்டில் சேர்த்து வாரம் ஒருமுறை புதுக் கூடைகளின் படம் அனுப்புகிறேன். 30 பேருக்குக்கூடப் போய்ச் சேர்வதில்லை. கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் ஆசையாகக் கேட்டார், கூரியர் செலவைச் சொன்னதும் பதிலே இல்லை. கூடையின் எடை 600 கிராம். 5 கிலோவுக்கு மேல் கணக்கிட்டுக் கட்டணம் கேட்கிறார்கள். பணம் கட்டி விளம்பரம் செய்துவிடலாமா?

தானே மண்நகை:
விளம்பரத்துக்கு இப்போது பணம் போடாதீர்கள், அக்கா. முதலில் இரண்டு விவரம் வேண்டும். அந்த ரீல்ஸின் கீழே என்ன கேட்டிருக்கிறார்கள்? பின்தொடர்பவர்கள் எந்தெந்த ஊர்? தொழில்முறைக் கணக்காக இருந்தால் இன்சைட்ஸ் என்ற புள்ளிவிவரப் பகுதியில் ஊர்ப் பட்டியல் இருக்கும்.

செம்பூர்க் கூடை:
மூலையில் எப்படித் திருப்புவது, எத்தனை முழம் வெட்ட வேண்டும், வயர் எந்தக் கடையில் கிடைக்கும். பெரும்பாலும் இவைதான். ஊர்கள்: சென்னை, மதுரை, சேலம், கோவை. மும்பை ஐந்தாவது.

தானே மண்நகை:
விடை அதிலேயே இருக்கிறது. உங்கள் வீடியோவைப் பார்ப்பவர்கள் கூடை பின்னத் தெரிந்தவர்கள், அல்லது பின்னக் கற்க நினைப்பவர்கள். அவர்கள் 650 ரூபாய் கொடுத்து வாங்கமாட்டார்கள். நானும் களிமண் பிசைவதையே எட்டு மாதம் காட்டிக்கொண்டிருந்தேன். தோடு போட்ட காதைக் காட்டிய பிறகுதான் விலை கேட்டு ஆள் வந்தது.

பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரிகிற மாதிரி மாற்றுங்கள். ஒவ்வொரு பதிவிலும் செம்பூரையோ மாட்டுங்காவையோ இடமாகக் குறியுங்கள். "வயர் கூடை" என்று தமிழில் மட்டும் எழுதினால் பக்கத்து வீட்டு மராத்திக்காரருக்குப் புரியாது. அவருக்கு அது "பிஷவி", இந்திக்காரருக்கு "டோக்ரி". அந்தச் சொற்களும் குறிப்பில் இருக்கட்டும்.

பிராட்காஸ்ட் லிஸ்டில் பிழை எதுவும் இல்லை. உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். ஒவ்வொருவரிடமும் தனியாக, "என் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள், புதிதாகப் பின்னியதும் படம் அனுப்புகிறேன்" என்று கேளுங்கள். சேமிக்காதவர் வாங்கப்போவதில்லை என்று விட்டுவிடலாம்.

முலுண்ட் மாமி:
நான் விற்பவள் இல்லை, வாங்குகிறவள். உன் பக்கத்தைப் போய்ப் பார்த்தேன், குழந்தை. பின்னல் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி இருக்கிறது. ஆனால் எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றும் அங்கே இல்லை. இரண்டு தேங்காயும் 3 கிலோ காய்கறியும் வைத்துத் தூக்கினால் கைப்பிடி தாங்குமா? டிபன் கேரியர் சாயாமல் நிற்குமா? கழுவினால் சாயம் போகுமா? விலையை ஏன் எழுதவில்லை? "விலைக்குத் தனிச்செய்தி அனுப்பவும்" என்று பார்த்தாலே நான் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவேன்.

2018-ல் மகாராஷ்டிரத்தில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்ததிலிருந்து நான் பையில்லாமல் கடைத்தெருவுக்குப் போவதில்லை. அதையே சொல்லி விற்கலாமே. சங்கராந்தி வருகிறது. இங்கே மராத்திப் பெண்கள் ஹல்தி குங்குமத்துக்கு அழைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஏதாவது பொருள் கொடுப்பார்கள். நம் கொலுவுக்கு வெற்றிலை பாக்குடன் கொடுப்பது போலத்தான். உள்ளங்கை அகலத்தில் சின்னக் கூடை போட்டுக் காட்டு.

டோம்பிவிலி பார்சல்:
கூரியர் விஷயம் மட்டும் சொல்கிறேன். அவர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை, அடைக்கும் இடத்தையும் பார்ப்பார்கள். பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பொதுவான கணக்கு. உங்கள் பெட்டி 35, 25, 30 என்றால் 26,250, வகுத்தால் 5.25 கிலோ. உள்ளே இருப்பது முழுக்கக் காற்று! பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்றை ஒன்றுக்குள் ஒன்று வைத்து ஒரே தொகுப்பாக விற்றால், அதே கட்டணத்தில் மூன்று கூடை போகும். வெளியூருக்குத் தொகுப்பு மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மும்பைக்குள் வாரம் ஒருநாள் மாட்டுங்காவில் நேரில் கொடுங்கள்.

சயான் கோலம்:
முடிச்சு வீடியோவை அடியோடு நிறுத்தாதீர்கள். அதைப் பார்க்க வருகிற மதுரைக்காரருக்கும் விற்க ஒன்று உங்களிடம் இருக்கிறது. எத்தனை வயர், எத்தனை முழம், எந்த வரிசையில் நிறம் மாறும் என்ற அளவுக் குறிப்பு. பிடிஎஃப்பாகத் தயாரித்து 60 ரூபாய்க்குக் கொடுங்கள். நான் கோல வடிவங்களை அப்படித்தான் விற்கிறேன். அதற்குக் கூரியரே வேண்டாம்.

செம்பூர்க் கூடை:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மாமி கேட்டதையே படமெடுத்தேன். சமையலறை மேடையில் கூடையை வைத்து, அடியில் பூசணிக்கீற்று, மேலே இரண்டு தேங்காய், ஓரத்தில் கறிவேப்பிலைக் கொத்து. என் மகள் ஒரு கையால் தூக்கிக் காட்டினாள். விலையை முதல் வரியிலேயே எழுதினேன். பார்த்தவர்கள் 2,300 பேர்தான். 9 பேர் விசாரித்தார்கள், 4 பேர் வாங்கிவிட்டார்கள். மூவர் மாட்டுங்காவுக்கே வந்து, பூக்கடை ஓரம் என்னிடம் நேரில் பெற்றுக்கொண்டார்கள். எண்ணைச் சேமித்தவர்கள் இப்போது 74. அளவுக் குறிப்பை இன்னும் எழுதி முடிக்கவில்லை.

இன்று காலை காட்கோபரிலிருந்து ஒரு மராத்தி ஆசிரியை ஹல்தி குங்குமத்துக்குச் சின்னக் கூடை 25 கேட்டிருக்கிறார். இவ்வளவு வயரை என் கைப்பணத்தில் வாங்கப் பயமாக இருக்கிறது. முன்பணம் கேட்பது முறையா?

தானே மண்நகை:
தாராளமாகக் கேளுங்கள். பாதித் தொகை கைக்கு வந்த பிறகே வயர் வாங்குங்கள். நிறத்தைப் படத்தில் காட்டி, சரி என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். 25-க்கும் வேண்டிய கட்டுகளை ஒரே நாளில் எடுத்துவிடுங்கள், அக்கா. அடுத்த வாரம் போனால் அதே பச்சை வேறு சாயலில் இருக்கும்.