புதுப்பிப்பு: ஆம்னியின் நடு பிளக் கழன்றது

எங்கள் மாருதி ஆம்னி வேனில் பெட்ரோலைப் பற்றவைக்கும் மூன்று ஸ்பார்க் பிளக்கில் நடுவில் இருப்பது மட்டும் அசையவே இல்லை, எப்படிக் கழற்றுவது என்று முன்பு இங்கே கேட்டிருந்தேனே, வந்துவிட்டது. இஞ்சின் மேல் இருக்கும் முன் சீட்டைத் தூக்கி, பிளக் குழியிலிருந்த மண்ணை சைக்கிள் பம்பால் ஊதி எடுத்து, இறுகியதை இளக்கும் டபிள்யூடி 40 எண்ணெய் அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். கோத்தகிரிக் குளிரில் காலையில் எதுவும் நகராது. அதனால் இஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டு, கை பொறுக்கும் சூட்டில் ஸ்பானர் போட்டேன். பிளக் திருகியிருக்கும் ஹெட் (இஞ்சினின் மேல்பகுதி) அலுமினியம், பிளக் இரும்பு. சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால் பிடி தளரும். கால் சுற்று கழற்றுவது, கிறீச்சென்றால் திரும்ப முறுக்குவது, மறுபடி எண்ணெய். மரையெல்லாம் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது, மலை ஈரம்! ஸ்பானரில் பைப் மாட்டி மிதிக்கச் சொன்ன அண்ணன்மார் கோபித்துக்கொள்ள வேண்டாம், மரை போனால் ஹெட்டைக் கழற்றி லேத்துக்குத் தூக்க வேண்டியதுதான். புது பிளக்கைக் கையாலேயே திருகி, கடைசியில்தான் ஸ்பானர் வைத்தேன்.